நாற்பத்தேழாவது குரோமோசோம்: பெரம்பூர்த் தாய் ஒருவரின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நான்கு பக்கக் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மற்ற வாசகர்களுக்காக அதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

உங்கள் மகனுக்கு ஆறு வயது முடிந்திருக்கிறது. தரையில் உட்கார்ந்தால் முழங்காலிலும் தொடையிலும் மாறி மாறிக் கை ஊன்றித்தான் எழுகிறான். பெரம்பூர் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் பாதிப் படியிலேயே நின்று, தூக்கிக்கொள்ளச் சொல்கிறான். தசை சிதையும்போது இரத்தத்தில் கூடும் சி.பி.கே. என்ற நொதியின் அளவு பல ஆயிரங்களில் இருந்ததால் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். தசையைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதத்துக்கான ஜீனில் எக்ஸான் (புரதத்துக்கான எழுத்துகள் உள்ள துண்டு) 45 முதல் 50 வரை விடுபட்டிருப்பதாகவும், இது டுஷென் தசைச் சிதைவு நோய் என்றும் அறிக்கை வந்திருக்கிறது. ஜப்பானில் இந்த ஜீனை முழுதாக ஒரு செயற்கைக் குரோமோசோமில் ஏற்றியிருக்கிறார்கள் என்று உங்கள் தம்பி படித்துச் சொல்லியிருக்கிறார். அதே நேரத்தில் ஒரு சிகிச்சை மையத்தின் ஆள், 'செயற்கைக் குரோமோசோம் ஏற்றிய ஸ்டெம் செல் ஊசி' என்று சொல்லி எட்டு லட்சம் ரூபாய் கேட்டிருக்கிறார். நீங்கள் நகையை அடகு வைக்கத் தொடங்கிவிட்டீர்கள். நீங்கள் கேட்பவை மூன்று: இந்தச் செயற்கைக் குரோமோசோம் உண்மையிலேயே இருக்கிறதா? அதை ஏற்றினால் மகனுக்கு 47 குரோமோசோம் ஆகிவிடுமே, டவுன் சிண்ட்ரோம் போல ஏதாவது வந்துவிடாதா? எட்டு லட்சத்தைக் கட்டலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: கட்ட வேண்டாம். அடகு வைத்த நகையை மீட்டு விடுங்கள். செயற்கை மனிதக் குரோமோசோம் என்பது உண்மையான, மதிப்புமிக்க ஆராய்ச்சி. ஆனால், அதை டுஷென் நோய்க்குச் சிகிச்சையாக இன்று உலகில் எந்த மருத்துவமனையும் எந்த விலைக்கும் கொடுக்க முடியாது. ஏன் முடியாது என்பதை நீங்கள் புரிந்துகொண்டால், அடுத்த முறை வேறொருவர் வேறொரு பெயரில் இதே ஊசியைக் கொண்டு வரும்போதும் ஏமாறாமல் இருப்பீர்கள். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. இந்த எண்ணிக்கையைச் சரியாக எண்ணிச் சொன்னதே 1956-இல்தான். அதுவரை 48 என்று பாடநூல்கள் எழுதிவந்தன. ஒரு குரோமோசோம் என்பது மிக நீளமான ஒரே டி.என்.ஏ. இழை, அது புரதங்களின் மேல் சுற்றிச் சுருண்டு கிடக்கிறது. ஜீன்கள் அதன் நெடுகிலும் உள்ளன. ஆனால் ஜீன்களை வரிசையாகக் கோத்துவிட்டால் மட்டும் ஒரு இழை குரோமோசோம் ஆகிவிடாது. செல் ஒவ்வொரு முறை இரண்டாகப் பிரியும்போதும் அந்த இழை ஒரு முறை, ஒரே முறை, பிரதி எடுக்கப்பட வேண்டும். பிரதிகளில் ஒன்று ஒரு மகள் செல்லுக்கும் மற்றொன்று அடுத்த மகள் செல்லுக்கும் தவறாமல் போய்ச் சேர வேண்டும். இழையின் இரண்டு முனைகளும் தேய்ந்துவிடாமலும், உடைந்த துண்டு என்று செல் தவறாக நினைத்து வேறொன்றோடு ஒட்டிவிடாமலும் இருக்க வேண்டும். பிரதி எடுக்கத் தொடங்கும் இடங்கள், முனைகளைக் காக்கும் டெலோமியர், பங்கீட்டைக் கவனிக்கும் சென்ட்ரோமியர் என்ற இந்த மூன்றும் இருந்தால்தான் அது குரோமோசோம். செயற்கைக் குரோமோசோம் என்றால் இந்த மூன்றையும் கொண்ட ஒரு சிறு இழையை ஆய்வகத்தில் உருவாக்கி, நமக்கு வேண்டிய ஜீனை அதில் வைத்து, செல்லின் சொந்தக் குரோமோசோம்களுக்குப் பக்கத்தில் அதைத் தனியாக வாழவிடுவது.

முதலில் இதை ஒற்றைச் செல் பூஞ்சையான ஈஸ்டில் செய்தார்கள். 1983-இல் ஆண்ட்ரூ மர்ரேயும் ஜாக் ஷோஸ்டாக்கும் ஈஸ்டுக்கு ஒரு செயற்கைக் குரோமோசோமைக் கட்டினார்கள். மனிதச் செல்லில் அதைச் செய்ய இன்னும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. தாமதத்துக்குக் காரணம் சென்ட்ரோமியர். ஈஸ்டின் சென்ட்ரோமியர் சுமார் 125 எழுத்து (டி.என்.ஏ.வின் அடிப்படை அலகு) நீளம் உள்ள ஒரு குறிப்பிட்ட வரிசை. அதை வெட்டி ஒட்டினால் வேலை செய்யும். மனிதனின் சென்ட்ரோமியரில் 171 எழுத்து கொண்ட ஒரு சிறு வரிசை, ஆயிரக்கணக்கான முறை அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வந்து பல லட்சம் எழுத்துக்கு நீள்கிறது. ஆல்ஃபா சாட்டிலைட் என்று அதற்குப் பெயர். 1997-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹன்டிங்டன் வில்லர்டின் குழுவினர் இந்த ஆல்ஃபா சாட்டிலைட் டி.என்.ஏ.வை ஆய்வகத்தில் தொடுத்து, டெலோமியர் டி.என்.ஏ.வுடனும் வேறு மனித டி.என்.ஏ. துண்டுகளுடனும் மனிதச் செல்களுக்குள் செலுத்தினார்கள். சில செல்களில் அவை சேர்ந்து, 60 லட்சம் முதல் ஒரு கோடி எழுத்து வரை நீளமுள்ள ஒரு சிறு குரோமோசோமாக நிலைகொண்டன. பல மாதங்கள் செல் பிரிந்துகொண்டே இருந்தும் அவை தொலைந்து போகவில்லை. முதல் செயற்கை மனிதக் குரோமோசோம் அதுதான்.

சென்ட்ரோமியரைப் பற்றி இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அண்மைய முன்னேற்றம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. ஆல்ஃபா சாட்டிலைட் வரிசை இல்லாத இடத்திலும் இயற்கையாகச் சென்ட்ரோமியர் உருவாகி, செல் பிரிந்த பின்னும் நிலைத்திருப்பதை 1990-களில் ஆஸ்திரேலியாவில் கண்டுபிடித்தார்கள். அப்படியானால் டி.என்.ஏ. எழுத்துகளுக்கு மேல் இன்னொரு அடையாளமும் இருக்க வேண்டும். சென்ப்-ஏ என்ற ஒரு புரதம் எங்கே அமர்ந்திருக்கிறதோ அதைத்தான் செல் சென்ட்ரோமியராக ஏற்றுக்கொள்கிறது. செல் பிரிந்தாலும் அந்த இடத்திலேயே அது மீண்டும் அமர்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பென் பிளாக்கின் குழு, இந்தப் புரதத்தைத் தாங்கள் விரும்பும் இடத்தில் அமர்த்தும் வழியை 2019-இல் காட்டியது.

ஆனாலும் ஒரு பெரிய தொல்லை நீடித்தது. உள்ளே செலுத்திய டி.என்.ஏ. துண்டு தனியாக நிற்காமல், தன்னைப் போன்ற பல துண்டுகளோடு தாறுமாறாக ஒட்டிக்கொண்டு, எத்தனை பிரதி, எந்த வரிசை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரு கோவையாகிவிடும். ஆராய்ச்சிக்கு அது போதும். மனிதனுக்குக் கொடுக்கும் மருந்தாக ஏற்க முடியாது. மருந்தில் என்ன இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டும். 2024-இல் அதே குழு இதற்கு ஒரு தீர்வை வெளியிட்டது. சுமார் ஏழரை லட்சம் எழுத்து நீளமுள்ள இழையை ஈஸ்டுக்குள் முழுதாகக் கட்டி, ஈஸ்டின் வெளிச் சுவரை நீக்கி, அந்த ஈஸ்டையே மனிதச் செல்லோடு இணைத்துவிட்டார்கள். சென்ட்ரோமியருக்குத் தேவையான இடம் முழுவதும் அந்த இழையிலேயே இருந்ததால், அது மற்றவற்றோடு ஒட்ட வேண்டிய அவசியம் இல்லாமல் ஒற்றைப் பிரதியாகவே குரோமோசோம் ஆனது. இந்தத் துறையில் என் காலத்தில் வந்த மிகப் பெரிய முன்னேற்றம் இது என்றே நான் கருதுகிறேன்.

இப்போது உங்கள் தம்பி படித்த ஜப்பானியச் செய்திக்கு வருகிறேன். அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். யோனாகோ நகரில் தொத்தோரி பல்கலைக்கழகத்தில் மிட்சுவோ ஓஷிமுராவும் அவருடன் பணியாற்றியவர்களும் வேறொரு வழியில் போனார்கள். புதிதாகக் கட்டுவதற்குப் பதிலாக, மனிதனின் 21-ஆம் குரோமோசோமை எடுத்து, அதிலிருந்த ஜீன் பகுதிகளை இரு பக்கமும் வெட்டி நீக்கி, சென்ட்ரோமியரும் முனைகளும் மட்டும் மிஞ்சிய ஒரு சிறு குரோமோசோமைச் செய்தார்கள். அதில் டிஸ்ட்ரோஃபின் ஜீன் முழுவதையும் அடக்கிய, 24 லட்சம் எழுத்து கொண்ட பகுதியை ஏற்றினார்கள். 2010-இல், டுஷென் நோயாளியின் செல்லிலிருந்து பெற்ற ஐ.பி.எஸ். செல்லில் (எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய மூலச் செல்) இந்தக் குரோமோசோமை வைத்து, அதிலிருந்து வளர்ந்த தசை போன்ற திசுவில், இல்லாமலிருந்த டிஸ்ட்ரோஃபினை வரவழைத்தார்கள்.

இதற்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்கலாம். எல்லாவற்றுக்கும் காரணம் இந்த ஜீனின் நீளம்தான். மனித ஜீன்களிலேயே மிக நீளமானவற்றில் இது ஒன்று. சுமார் 22 லட்சம் எழுத்து, 79 எக்ஸான். செல் இதை ஒரு முறை தொடக்கத்திலிருந்து முடிவு வரை படியெடுக்கவே ஏறக்குறைய 16 மணி நேரம் ஆகிறது. இடையில் உள்ளவற்றையெல்லாம் நீக்கி, புரதத்துக்கான எழுத்துகளை மட்டும் சேர்த்தாலும் 11,000 எழுத்து வருகிறது. ஆனால் தசைக்கு ஜீனை எடுத்துச் செல்ல இன்று நம்மிடம் உள்ள சிறந்த வாகனமான ஏ.ஏ.வி. என்ற வைரஸ் சுமார் 4,700 எழுத்துக்கு மேல் சுமக்காது. பைக்கின் பின்சீட்டில் பீரோவைக் கட்ட முடியாது என்பதால், பீரோவை அறுத்து ஒரு சிறு பெட்டியாக்கிக் கட்டுவது போன்ற ஒன்றைத்தான் இப்போது செய்கிறார்கள். 2023-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட எலிவிடிஸ் மருந்தில் இருப்பது அப்படிச் சுருக்கப்பட்ட மைக்ரோ டிஸ்ட்ரோஃபின். அதன் விலை ஒரு முறைக்கு 32 லட்சம் டாலர். 2025-இல், நடக்க முடியாத நிலையிலிருந்த இரண்டு சிறுவர்கள் அந்த மருந்துக்குப் பின் கல்லீரல் செயலிழந்து இறந்ததால், நடக்க முடியாதவர்களுக்குக் கொடுப்பது நிறுத்தப்பட்டது.

செயற்கைக் குரோமோசோமுக்கு இந்த நீளக் கட்டுப்பாடு இல்லை. ஜீனை அறுக்காமல், அதன் சொந்த இயக்கு பகுதிகளோடு முழுதாக ஏற்றலாம். அந்த இயக்கு பகுதிகள் முக்கியமானவை. ஒரே டிஸ்ட்ரோஃபின் ஜீன் தசையில் ஒரு வடிவிலும், மூளையில் வேறு வடிவிலும், விழித்திரையில் இன்னொரு வடிவிலும் புரதம் தருகிறது. முழு ஜீனையும் ஏற்றிய குரோமோசோமை எலியில் வைத்துப் பார்த்தபோது, அந்தந்த உறுப்பில் அந்தந்த வடிவம் வந்ததை 2009-இலேயே காட்டியிருக்கிறார்கள்.

இன்னொரு நன்மையும் உண்டு. சில வைரஸ்கள் தாம் கொண்டுவரும் ஜீனை நம் குரோமோசோமுக்குள் எங்காவது செருகிவிடும். பிரான்சில், பிறவியிலேயே நோய் எதிர்ப்புச் சக்தி இல்லாத குழந்தைகளுக்கு அப்படிச் சிகிச்சை தந்தபின், செருகப்பட்ட இடம் புற்றுநோயைத் தூண்டும் ஜீனுக்கு அருகில் அமைந்து, 2002 முதல் சிலருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. செயற்கைக் குரோமோசோம் எதனுள்ளும் நுழையாமல் தனித்து நிற்கிறது. ஆகவே அந்த ஆபத்து இதில் மிகக் குறைவு.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்வி வருகிறது. தனித்து நின்றால் எண்ணிக்கை 47 ஆகுமே என்று நீங்கள் அஞ்சுகிறீர்கள். இவ்வளவு துல்லியமான கேள்வியை மருத்துவ மாணவர்கள்கூட என்னிடம் அரிதாகவே கேட்டிருக்கிறார்கள். டவுன் சிண்ட்ரோமில் கெடுதல் செய்வது 47 என்ற எண் இல்லை. 21-ஆம் குரோமோசோமில் உள்ள இருநூறுக்கும் மேற்பட்ட ஜீன்கள் இரண்டு பிரதிக்குப் பதில் மூன்று பிரதியாக இருந்து, கூடுதலாகப் புரதம் செய்வதால்தான் அந்த மாற்றங்கள் வருகின்றன. ஜப்பானியர்கள் அதே 21-ஆம் குரோமோசோமிலிருந்து தொடங்கினாலும், அந்த ஜீன்களை வெட்டி எறிந்த பின்னரே பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எண் மட்டும் கூடினால் தீங்கில்லை என்பதற்கு என் மேசையிலேயே சான்று பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறு காரணத்துக்காகக் குரோமோசோம் பரிசோதனைக்கு வந்த, முழு ஆரோக்கியமான ஒரு பெண்ணின் இரத்தத்தை வழக்கம்போல மூன்று நாள் வளர்த்து, கண்ணாடித் தகட்டில் சொட்டவிட்டு, ஜீம்சா சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைத்தோம். கருநீலக் கோடுகள் போட்ட 46 குரோமோசோம்களும் ஒழுங்காகப் பரவிக் கிடந்தன. அவற்றின் ஓரத்தில், மிளகில் கால்வாசிகூட இல்லாத ஒரு பொட்டுப் போல, இன்னொன்று. தூசி என்றுதான் முதலில் நினைத்தோம். அடுத்த செல்லிலும் அது இருந்தது; அதற்கடுத்ததிலும் இருந்தது. அந்தப் பெண்ணின் தாயைப் பரிசோதித்தால் அவரிடமும் அதே பொட்டு. இரண்டு தலைமுறையாக 47 குரோமோசோமோடு இருவரும் எந்தக் குறையும் இல்லாமல் வாழ்ந்திருக்கிறார்கள். மார்க்கர் குரோமோசோம் என்று நாங்கள் சொல்லும் இத்தகைய கூடுதல் துண்டுகளில், கெடுதல் செய்யும் ஜீன்களைச் சுமப்பவையும் உண்டு. எதையும் சுமக்காமல் சும்மா இருப்பவையும் உண்டு. ஒன்றின் குணம் அதில் என்ன ஏற்றப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தசைச் செல்லில் வைக்கும் குரோமோசோம் உங்கள் மகனின் பிள்ளைகளுக்கும் போகாது. கருவணுவுக்குள் போனால்தான் அது பரம்பரைக்குச் செல்லும், அப்படிச் செய்வதற்கு நம் நாட்டில் அனுமதி இல்லை.

இவ்வளவு பொருத்தமான ஒன்று ஏன் இன்னும் சிகிச்சையாகவில்லை? ஏனென்றால் அதை உடலுக்குள் கொண்டு சேர்க்க வழியில்லை. இதை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எட்டு லட்சம் ரூபாய்க் கதை இந்த இடத்தில்தான் உடைகிறது.

குரோமோசோமை மருந்துப் புட்டியில் நிரப்பி நரம்பில் ஏற்ற முடியாது. அவ்வளவு பெரிய இழை எந்தச் செல்லுக்குள்ளும் தானாக நுழையாது. குழாயில் வேகமாக உறிஞ்சினாலே அறுந்துவிடும். ஆய்வகத்தில் அதை ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கு மாற்றும் முறையைக் கேளுங்கள். செயற்கைக் குரோமோசோம் பெரும்பாலும் சீன வெள்ளெலியின் சினைப்பைச் செல்களில் வளர்த்து வைக்கப்படுகிறது. அந்தச் செல்கள் பிரியும் வேளையில் ஒரு மருந்தைக் கொடுத்து அவற்றைத் தடுமாறச் செய்தால், குரோமோசோம்கள் ஒன்றிரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு குட்டி உட்கரு உருவாகும். பிறகு வேறொரு மருந்தோடு அவற்றை மிக வேகமாகச் சுழற்றினால், அந்தக் குட்டி உட்கருக்கள் மெல்லிய உறையோடு பிய்ந்து வரும். நுண்ணிய வடிகட்டிகளில் வடிகட்டி, அளவில் சிறியவற்றை மட்டும் எடுத்து, நமக்கு வேண்டிய மனிதச் செல்லோடு ஒட்டி இணைக்க வேண்டும். இதில் வெற்றி பெறும் செல் பெரும்பாலும் ஒரு லட்சத்தில் ஒன்று, சில சமயம் பத்து லட்சத்தில் ஒன்று. அந்த ஒன்றைத் தேடிப் பிடித்து, கோடிக்கணக்காகப் பெருக்கி, வெள்ளெலியின் குரோமோசோம் எதுவும் கூடவே வந்துவிடவில்லை என்று உறுதி செய்து, அதன் பிறகே உடலுக்குள் வைப்பதைப் பற்றி யோசிக்க முடியும். தசையை உண்டாக்கும் செல்கள் ஆய்வகத்தில் எல்லையின்றிப் பெருகுவதும் இல்லை. சில பத்து முறை பிரிந்ததும் ஓய்ந்துவிடும். ஓயாமல் பெருகவைத்தால் புற்றுநோய் அச்சம் வருகிறது.

அப்படியே செல்கள் கைக்கு வந்தாலும், அவற்றை எங்கே வைப்பது? உங்கள் மகனுக்குத் தேவைப்படுவது காலில் ஓர் இடத்தில் மட்டும் இல்லை. அறுநூறுக்கும் மேற்பட்ட தசைகளிலும், மூச்சு விடும் உதரவிதானத்திலும், இதயத்திலும் தேவை. தசையில் ஊசி போட்டால் செல்கள் ஊசி போட்ட இடத்தைச் சுற்றியே நின்றுவிடும். 2011-இல் இத்தாலியிலும் இலண்டனிலும் பணியாற்றிய ஆய்வாளர்கள், ஜப்பானியர்கள் தந்த குரோமோசோமை எலியின் ஒருவகைத் தசைமூலச் செல்லில் ஏற்றி, நோயுற்ற எலிகளுக்குச் செலுத்தியபோது டிஸ்ட்ரோஃபின் வந்தது, எலிகளின் ஓட்டமும் கூடியது. அது நல்ல செய்தி. ஆனால் அதே வகைச் செல்களை, செயற்கைக் குரோமோசோம் இல்லாமல், திசு பொருந்தும் உடன்பிறந்தவர்களிடமிருந்து பெற்று, மிலான் நகரில் ஐந்து டுஷென் சிறுவர்களுக்கு இரத்தக் குழாய் வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவின்படி, பொதுவாக அது தாங்கக்கூடியதாக இருந்தது. பயன் மிகச் சொற்பம். எலியின் காலுக்குப் போதுமான செல், மனிதக் குழந்தையின் உடலுக்குப் போதவில்லை. செயற்கைக் குரோமோசோம் எவ்வளவு செம்மையாக இருந்தாலும், அதைச் சுமந்து செல்லும் செல் தசை முழுவதும் போய்ச் சேராவிட்டால் பயனில்லை. டுஷென் நோய்க்காகச் செயற்கைக் குரோமோசோம் ஏற்றிய செல்லை வணிகமாக விற்கும் மையம் எதுவும் சட்டப்படி இருக்க முடியாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு இதுவே காரணம்.

நம் பக்கத்திலேயே நேர்மையாக நடந்த ஒரு மரபணுச் சிகிச்சையை ஒப்பிட்டுப் பாருங்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் ஹீமோஃபீலியா-ஏ என்ற, இரத்தம் சரியாக உறையாத நோய் உள்ள ஐந்து பேருக்கு மரபணுச் சிகிச்சை தந்து, அதன் முடிவை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். அந்த நோய்க்கான ஜீனைச் சுருக்கினால் வைரஸ் வாகனத்துக்குள் அடங்கும். நோயாளியின் இரத்த மூலச் செல்லை எடுத்து, மாற்றி, திரும்ப இரத்தத்திலேயே விட்டால் போதும், அது தானே எலும்பு மஜ்ஜைக்குப் போய்ச் சேரும். டுஷெனில் இந்த இரண்டு வசதியும் கிடையாது. அந்த ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியோடும், அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியோடும், பதிவு எண்ணோடும் நடந்தது.

உங்களிடம் பணம் கேட்டவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ.யில், உங்கள் ஆய்வின் பதிவு எண் என்ன? நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே? ஆராய்ச்சி என்றால் என்னிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்? நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு ஸ்டெம் செல் ஆராய்ச்சி வழிகாட்டுதலின்படி, சில இரத்த நோய்கள் போன்ற ஏற்றுக்கொள்ளப்பட்டவற்றுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர, வேறு ஸ்டெம் செல் சிகிச்சை எதையும் வாடிக்கையாகக் கொடுக்கக் கூடாது. பதிவு செய்த ஆய்வாக மட்டுமே நடத்தலாம். ஆய்வில் சேர்பவரிடம் ஆய்வு மருந்துக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பதிவேடு எல்லோரும் இணையத்தில் பார்க்கக்கூடியது. தம்பியிடம் சொல்லி அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இதே போன்ற ஊசிகளுக்காகக் கொளத்தூர் வீட்டுமனையை விற்றுவிட்டு என்னிடம் வந்த ஒரு தந்தையை நான் மறக்கவில்லை. நான்கு ஊசிக்குப் பிறகும் பையனின் சி.பி.கே. அப்படியே இருந்தது. அந்த நேரத்தில் தொடங்கியிருக்க வேண்டிய ஸ்டீராய்டு தொடங்கப்படவில்லை. மனை போனதைவிட அந்த இரண்டு வருடம் போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அதே வருத்தம் உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தைப் படித்தபோதும் வந்தது. ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்கச் சொன்னார்கள், பக்க விளைவுக்குப் பயந்து ஒன்பது மாதமாகத் தள்ளிப்போடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். பயம் நியாயமானது, எடை கூடும், எலும்பு மெலியும், உயரம் சற்றுக் குறையும். ஆனால், செயற்கைக் குரோமோசோமோ வேறு எந்த முழு ஜீன் சிகிச்சையோ என்றாவது வரும்போது, அதை ஏற்றுக்கொள்ள உயிருள்ள தசை மிஞ்சியிருக்க வேண்டும். கொழுப்பாகவும் நாராகவும் மாறிவிட்ட தசையில் எந்த ஜீனை வைத்தும் பயன் இல்லை. பிரெட்னிசலோனோ டெஃபிளசகார்ட்டோ ஒழுங்காகச் சாப்பிடும் பையன்கள் சில ஆண்டுகள் கூடுதலாக நடக்கிறார்கள் என்பது பல நாடுகளிலும் உறுதியான செய்தி. இந்த மாதமே உங்கள் நரம்பியல் மருத்துவரைப் பார்த்துத் தொடங்குங்கள். அதற்கு முன் சின்னம்மைத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். தொடங்கிய பிறகு நீங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது.

இதயத்துக்கு எக்கோ எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. எடுக்காவிட்டால் உடனே எடுத்து, ஆண்டுதோறும் தொடருங்கள். கணுக்கால் இறுகாமல் இருக்கத் தினமும் நீட்டிவிடும் பயிற்சியை இயன்முறை (பிசியோதெரபி) மருத்துவரிடம் ஒரு முறை நேரில் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ் அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்களுள் ஒன்று. அந்தக் கொள்கைப்படி ஒரு நோயாளிக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவிக்கு வழியிருக்கிறது. டுஷென் நோய்க்கு எதற்கெல்லாம் அது கிடைக்கும் என்பதை அங்கேயே கேட்டு, மகனின் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

அந்த மரபணு அறிக்கையின் மூலப் பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். எக்ஸான் 45 முதல் 50 வரை விடுபட்ட பையன்கள், எக்ஸான் 51-ஐத் தாண்டிப் படிக்கவைக்கும் மருந்து வகைக்கு உரியவர்கள். அந்த மருந்துகளின் பயன் இன்னும் சிறிதுதான். என்றாலும் எந்த ஆய்விலும் சேர்வதற்கு முதலில் கேட்கப்படுவது இந்த எண்களே.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். உங்கள் தங்கைக்கு வரும் தை மாதம் திருமணம் என்று எழுதியிருக்கிறீர்கள். டிஸ்ட்ரோஃபின் ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. டுஷென் பையன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்தப் பிழை புதிதாக உண்டாகிறது. மற்றவர்களுக்குத் தாயிடமிருந்து வருகிறது. முதலில் உங்கள் இரத்தத்தில் அதே 45 முதல் 50 வரையிலான பகுதி ஒரு பிரதியில் இல்லையா என்று எக்ஸான்களின் பிரதிகளை எண்ணிப் பார்க்கும் எம்.எல்.பி.ஏ. பரிசோதனையில் பாருங்கள். அந்தக் குறை உங்களுக்கும் இருந்தால், உங்கள் தங்கைக்கும் அதே பரிசோதனை செய்ய வேண்டும். அவர் கடத்துபவராக இருந்தால், கருவுற்ற பதினோராம் வாரத்திலேயே குழந்தையைப் பற்றித் தெரிந்துகொள்ள வழியிருக்கிறது. இது யாருடைய குற்றமும் இல்லை என்பதை உங்கள் மாமியார் வீட்டாரிடமும், தங்கை போகவிருக்கும் வீட்டாரிடமும் எடுத்துச் சொல்ல ஒரு மருத்துவரின் வாய்ச்சொல் உதவும் என்று நினைத்தால், இருவரும் குடும்பத்தோடு ஒரு மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். போகும்போது மகனின் அறிக்கையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதில் உள்ள எக்ஸான் எண் இல்லாமல், உங்கள் தங்கையின் இரத்தத்தில் எதைத் தேடுவது என்று ஆய்வகத்துக்குத் தெரியாது.